சட்டம் எந்தச் சந்தியில் திரும்பியது?
பாராளுமன்றக் குழுநிலை பற்றி ஒரு விளக்கம்



மாங்குளத்தில் இருந்து ஒரு அக்கா நமக்குக் கடிதம் போட்டிருக்கிறார். 77 ஆம் ஆண்டு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. அவர் எழுதியதை அப்படியே தருகிறோம்:

"இங்க வடக்கு மாகாண சபைக்கு 2013 ல ஓட்டுப் போட்டோம். அதுக்குப் பொறகு அந்த ஓட்டே வரல. தலவாக்கலையில இருக்கிற தம்பிகிட்ட கேட்டா, அங்க மத்திய மாகாண சபைக்கும் அதே கதைதான்னு சொல்றான். ஏன் எலெக்‌ஷன் வைக்கலன்னு கேட்டா, 'சட்டத்தைக் குழுநிலையில மாத்திட்டாங்க'ன்னு ஒரு மாஸ்டர் சொன்னாரு. குழுநிலைன்னா என்னங்க? நம்ம எம்.பி. மாருங்க அப்ப என்ன செஞ்சாங்க?"

நல்ல கேள்வி. வருடக் கடைசியில் வரவு செலவுத் திட்டம் வரும்போது "குழுநிலை விவாதம்" என்று ரேடியோவில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அது என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆகவே இந்த இதழில் அதை விளக்கமாகப் பார்ப்போம்.

கோயில் கமிட்டியை நினைத்துப் பாருங்கள்

தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வருகிறது. முதலில் பொதுக் கூட்டம் கூடுகிறது. "இந்த வருசம் தேர் இழுப்போமா?" என்று தலைவர் கேட்கிறார். எல்லோரும் "இழுப்போம்" என்கிறார்கள். இது கொள்கை முடிவு.

அடுத்து விவரம் பேச வேண்டும். பேருக்கு எவ்வளவு வரி? எந்த நாள்? மேளம் எங்கிருந்து? தேர் எந்த டிவிசன் வழியாகப் போகும்? இதை ஒவ்வொன்றாகப் பேசி, ஒவ்வொன்றுக்கும் முடிவு எடுக்க வேண்டும். உண்மையான சண்டை வருவது இங்கேதான். "தேர் வேண்டும்" என்பதில் எல்லோரும் ஒத்துப் போவார்கள். "பேருக்கு ரெண்டாயிரம்" என்றவுடன்தான் குரல் உயரும்.

எல்லாம் பேசி முடிந்த பிறகு தலைவர் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்து, "சரிதானே?" என்று கேட்டுக் கூட்டத்தை முடிப்பார்.

பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் உண்டாகும் முறையும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு சட்டமூலம் நடக்கும் பாதை

சட்டமாக வர இருக்கும் வரைவுக்குச் சட்டமூலம் என்று பெயர். அது போகும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அது வர்த்தமானியில் வெளியாக வேண்டும். நாட்டு மக்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது. தமிழிலும் வரும்.

பிறகு பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் அது இடம்பெறும். இந்தக் கட்டத்தில் எந்தப் பிரஜையும், குறிப்பிட்ட நாட்களுக்குள், "இது அரசியலமைப்புக்கு முரண்" என்று உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது இரண்டாம் வாசிப்பு. இங்கே சட்டமூலத்தின் கொள்கையைப் பற்றி விவாதம் நடக்கும். "இப்படி ஒரு சட்டம் வேண்டுமா, வேண்டாமா?" என்பதுதான் கேள்வி. நம்ம கோயில் கூட்டத்தில் "தேர் இழுப்போமா?" என்று கேட்டது போல.

இரண்டாம் வாசிப்பில் தேறினால் குழுநிலைக்குப் போகும். இங்கேதான் பிரிவு பிரிவாக, வரி வரியாகப் பார்ப்பார்கள். திருத்தம் கொண்டு வருவார்கள். சேர்ப்பார்கள், வெட்டுவார்கள்.

கடைசியில் மூன்றாம் வாசிப்பு. முழுச் சட்டமூலத்துக்கும் இறுதி அங்கீகாரம். அதன் பிறகு சபாநாயகர் கையெழுத்துப் போட்டுச் சான்றுப்படுத்தினால் அது நாட்டின் சட்டம். அதற்குப் பிறகு அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. இலங்கையின் 1978 அரசியலமைப்பு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி விசயத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழுவில் யார் இருப்பார்கள்?

குழு என்றவுடன் ஐந்தாறு பேர் ஒரு அறையில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அப்படியும் குழுக்கள் உண்டு. ஒரு சட்டமூலத்தைச் சில உறுப்பினர் மட்டும் உள்ள நிலையியற் குழுவுக்கோ தெரிவுக் குழுவுக்கோ அனுப்பலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. முழுப் பாராளுமன்றமும் தன்னையே ஒரு குழுவாக மாற்றிக் கொள்ளும். அதே மண்டபம், அதே உறுப்பினர்கள். விதிமுறை மட்டும் கொஞ்சம் மாறும். பிரதிச் சபாநாயகருக்கு "குழுக்களின் தவிசாளர்" என்ற பட்டமும் இருப்பது இதனால்தான்.

குழுவில் வாக்கெடுப்பு எப்படி நடக்கும்? தலைமை வகிப்பவர், "ஒன்றாம் பிரிவு முதல் ஐந்தாம் பிரிவு வரை சட்டமூலத்தின் பகுதியாக இருக்கட்டுமா?" என்று கேட்பார். ஆதரிப்பவர்கள் "ஆம்" என்பார்கள். எதிர்ப்பவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தச் சத்தம் கூடுதல் என்று பார்த்து அவர் முடிவு சொல்வார். இது குரல் வாக்கு.

குரல் வாக்கில் யார் பேரும் பதிவாகாது. நம்ம எம்.பி. "ஆம்" என்றாரா, வாயே திறக்கவில்லையா, கன்டீனில் தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்தாரா என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு உறுப்பினர் எழுந்து "வாக்கெடுப்பு வேண்டும்" என்று கேட்டால், மணி அடிக்கும். வெளியில் இருப்பவர்கள் உள்ளே வருவார்கள். யார் எந்தப் பக்கம் என்று கணக்கெடுத்து, பேரோடு ஹன்சார்ட் அறிக்கையில் அச்சாகும்.

ஒரு திருத்தம் தேற எத்தனை வாக்கு வேண்டும்? சாதாரணமாக, அந்த நேரம் அங்கிருந்து வாக்களித்தவர்களில் ஒருவர் கூடுதலாக இருந்தால் போதும். பாராளுமன்றத்தில் மொத்தம் 225 பேர். ஆனால் கூட்டம் நடக்க 20 பேர் இருந்தால் போதும். அதாவது, நாடு முழுவதற்கும் உள்ள ஒரு சட்டத்தின் ஒரு வரி, சில நேரம் ஒரு லயத்தில் உள்ள ஆட்களை விடக் குறைவான பேரால் மாறலாம். அரசியலமைப்பை மாற்றுவது போன்ற விசயத்துக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 வாக்குகள் வேண்டும்.

மாங்குளம் சந்தியில் பஸ் திரும்பினால்?

குழுநிலைக்கு ஒரு முக்கியமான கட்டுப்பாடு உண்டு. கொள்கையை இரண்டாம் வாசிப்பிலேயே முடிவு செய்தாகிவிட்டது. ஆகவே குழுநிலையில் விவரத்தைத் திருத்தலாமே ஒழிய, சட்டமூலத்தின் அடிப்படையையே வேறாக்கக் கூடாது.

கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறுகிறோம் என்று வைத்துக் கொள்வோம். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா தாண்டி மாங்குளம் சந்திக்கு வருகிறது. நேரே போனால் கிளிநொச்சி. வலது பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. இடது பக்கம் போனால் மல்லாவி, துணுக்காய். டிரைவர் வழியில் டீ குடிக்க நிறுத்தலாம், ரோடு மோசமென்றால் மெதுவாகப் போகலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் போர்டில் யாழ்ப்பாணம் என்று போட்டுவிட்டு, மாங்குளத்தில் வலது பக்கம் திருப்பினால்? டிக்கட் எடுத்தவன் சும்மா இருப்பானா?

2017 இல் நடந்தது இதுதான்.

2017 செப்டம்பர் 20

மாகாண சபைகள் 1987 இல், இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, 13 ஆவது திருத்தத்தின் மூலம் வந்தவை. பாடசாலை, ஆஸ்பத்திரி, ரோடு என்று நம் வாழ்க்கையோடு ஒட்டிய பல விசயங்கள் அவற்றின் கையில் இருக்கின்றன. வடக்கு, மத்திய, வடமேல் மாகாண சபைகளுக்கு 2013 செப்டம்பர் 21 ஆம் திகதி ஒரே நாளில் தேர்தல் நடந்தது. அன்று மாங்குளத்து அக்காவும் தலவாக்கலைத் தம்பியும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டார்கள். வடக்கில் 38 உறுப்பினர், மத்தியில் 58 உறுப்பினர்.

2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்த ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. அதன் நோக்கம் சின்னது, நல்லது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் இடம் கொடுக்க வேண்டும் என்பது. கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். சபையில் நம் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? ஆகவே இதை எதிர்க்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

அதே நேரத்தில் இன்னொரு விசயமும் நடந்து கொண்டிருந்தது. சப்ரகமுவ, வடமத்தி, கிழக்கு ஆகிய மூன்று சபைகளின் காலம் முடிய இருந்தது. எல்லா மாகாணத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பதற்காக அரசாங்கம் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றைக் கொண்டு வந்தது. அதற்கு மூன்றில் இரண்டும் வேண்டும், மக்களிடம் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழி அடைபட்டது.

பிறகு செப்டம்பர் 20 ஆம் திகதி, பெண்கள் 30 சதவீதச் சட்டமூலம் குழுநிலைக்கு வந்தபோது, அதில் நீளமான திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. தேர்தல் முறையே மாறியது. பழைய விகிதாசார முறை போய், பாதித் தொகுதி முறை, பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறை வந்தது. தொகுதி முறை வந்தால் தொகுதிகளுக்கு எல்லை கீற வேண்டும். எல்லை கீறி முடியும்வரை தேர்தல் வைக்க முடியாது. போர்டில் "பெண்கள் 30 சதவீதம்" என்று இருந்த பஸ், சந்தியில் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இந்தத் திருத்தங்கள் வர்த்தமானியில் வரவில்லை. ஆகவே மக்கள் வாசிக்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே போகவும் வழி இருக்கவில்லை. குழுநிலையில் வரும் திருத்தத்தைப் பற்றிச் சட்டமா அதிபர் மட்டும் சபாநாயகருக்கு அபிப்பிராயம் சொல்லலாம். மூன்றில் இரண்டு வேண்டும் என்று அவர் சொன்னார். அதுவும் கிடைத்தது. ஆதரவாக 159, எதிராக 37. அது 2017 இன் 17 ஆம் இலக்கச் சட்டமானது. சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு நீதிமன்றம் கை வைக்க முடியாது என்று முன்பு சொன்னோம் அல்லவா? அது இங்கே வந்து நிற்கிறது.

கூட்டு எதிரணி எதிர்த்து வாக்களித்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரித்து வாக்களித்தது. வடக்கு மாகாண சபையில் பெரும்பான்மையாக இருந்த கட்சியே அதுதான். தன் சபைக்கே தேர்தல் வராமல் போகும் என்று நினைத்து யாரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் சட்டத்தில் எழுதியதுதான் நடக்கும், மனசில் நினைத்தது நடக்காது.

எல்லை நிர்ணயக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 2018 ஆகஸ்ட் 24 ஆம் திகதி அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்கு. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டு வந்த அமைச்சரே அதை எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லையும் இல்லை. நடுத்தெருவில் நிற்கிற கதையாகிவிட்டது.

2018 அக்டோபரில் வடக்கு, மத்திய சபைகளின் காலம் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளிலும் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மாகாண சபைத் தேர்தல் 2025 இலும் நடக்கவில்லை. வடக்கு மாகாணத்தின் தலைமையிடத்தை மாங்குளத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக உண்டு. தலைமையிடம் எங்கே என்று பேசும் முன், சபையில் உட்கார ஆள் வேண்டாமா?

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மாஸ்டர் சொன்னது சரி.

ஒரு வரி என்ன செய்யும்?

"குழுநிலை, பிரிவு, உபபிரிவு என்பதெல்லாம் வக்கீல்மாருடைய பேச்சு, நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நமக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. அதை ஞாபகப்படுத்துகிறோம்.

1948 ஆகஸ்ட் 20 ஆம் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 53, எதிராக 35. வித்தியாசம் 18 வாக்கு. அந்தச் சட்டத்தில் பிரதானமான விசயம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனுடைய தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது. கேட்க சின்ன வரி. ஆனால் தோட்டத்து லயத்தில் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை யார் வைத்திருந்தார்கள்? அந்த வரியால் லட்சக்கணக்கான நம் மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் போகவில்லை. போட ஓட்டே இருக்கவில்லை.

அதை முழுதாகச் சரி செய்ய 55 வருடம் பிடித்தது. 2003 அக்டோபர் 7 ஆம் திகதி, 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 என்பது சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். இந்தத் திகதியும் சட்டத்தில் ஒரு வரிதான். ஒரு வரி கதவை மூடியது, இன்னொரு வரி திறந்தது. வன்னிக்குப் போன நம் குடும்பங்களில் பலருக்கும் அந்தச் சட்டம்தான் கைகொடுத்தது.

திருத்தம் எப்போதும் கெட்டதா?

இல்லை. அப்படி நினைத்துவிடக் கூடாது. குழுநிலை இல்லாவிட்டால் ஒரு சட்டமூலத்தில் உள்ள பிழையைத் திருத்த இடமே இல்லை. "இந்த இந்தப் பிரிவுகளைக் குழுநிலையில் இப்படித் திருத்தினால்தான் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றலாம்" என்று உயர் நீதிமன்றமே பல முறை சொல்லியிருக்கிறது.

ஆனால் சொன்னபடி திருத்தினார்களா என்று பார்க்க ஆள் வேண்டும். 2024 ஜனவரி 24 ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு ஆதரவாக 108, எதிராக 62 வாக்குகள் விழுந்தன. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் குழுநிலையில் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சொன்னன. அதற்கு முன்பே சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டார் என்று அவர் மேல் நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்தது. அது 75 க்கு 117 என்று தோற்றது. ஆனால் குழுநிலையில் என்ன நடந்தது என்று நாடு முழுக்கப் பேச்சு நடந்தது. அந்த அளவுக்காவது நல்லது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நம்மைத் தொடும் சட்டமூலம் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டால் வர்த்தமானியைத் தேடிப் பிடியுங்கள். காணி, வீடு, சம்பளம், தேர்தல் எதுவானாலும் சரி. தோட்டத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தைக் கோடு போட்டு வையுங்கள்.

இரண்டாவது, குறித்த நாட்களுக்குள் நீதிமன்றம் போகும் உரிமை எந்தப் பிரஜைக்கும் உண்டு. தனியாகச் செய்ய முடியாவிட்டால் சங்கம் மூலம், சமூக நிறுவனங்கள் மூலம் செய்யலாம். நாள் போனால் போனதுதான்.

மூன்றாவது, உங்கள் எம்.பி. தோட்டத்துக்கு வரும்போது மாலை போடுவதற்கு முன் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்: "ஐயா, குழுநிலையில் என்ன திருத்தம் வந்தது? நீங்கள் அப்போது சபையில் இருந்தீர்களா? பேர் பதிவாகும்படி வாக்கெடுப்புக் கேட்டீர்களா?" ஹன்சார்டில் எல்லாம் அச்சாகும். பொய் சொல்ல முடியாது.

நான்காவது, சட்டமூலத்தின் தலைப்பை மட்டும் கேட்டுக் கை தட்டாதீர்கள். தலைப்பு நல்லதாக இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது, கடைசியில் என்ன சேர்த்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

நாம் கொழுந்தை நிறுத்துப் போடும்போது தராசு முள்ளைப் பார்க்கிறோம். அரைக் கிலோ வெட்டினாலும் "ஏன் கணக்கப்பிள்ளை ஐயா?" என்று கேட்கிறோம். அந்த அரைக் கிலோவுக்கு இருக்கும் கவனம், நம் பிள்ளைகளின் ஓட்டை நிறுத்துப் போடும் இடத்திலும் இருக்க வேண்டும். அந்த இடம்தான் குழுநிலை.

 மற்ற வாசகர்களும் உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பேசுவோம்.